நெற்றிப்பொட்டில் புது வலியா? தலைத் தமனி அழற்சியும் எம்ஆர்ஐ பரிசோதனையும்

மூத்தோருக்குத் தலைவலி புதிதல்ல. வெயிலில் ஈரச்சந்தைக்குப் போய்வந்தால் வரும், இரவு தூக்கம் கெட்டால் வரும். கோடாலித் தைலத்தைத் தடவி, ஒரு பனடோல் போட்டுப் படுத்தால் மாலைக்குள் விட்டுவிடும். பெரும்பாலான தலைவலிகள் அப்படிப்பட்டவைதான். அவற்றைப் பற்றி இங்கு எழுதவில்லை.

ஐம்பது வயதுக்குமேல், அதிலும் எழுபதைத் தாண்டியபின், முன்பு இல்லாத ஒரு தலைவலி தொடங்கி நாள்கணக்கில் விடாமல் இருந்தால், அதற்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும். தலையில் ஓடும் தமனிகளின் சுவர் அழற்சியால் தடித்துப் போவதுதான் அந்தக் காரணம். மருத்துவர்கள் இதை ‘ராட்சத உயிரணுத் தமனி அழற்சி’ என்கிறார்கள். பாதிக்கப்பட்ட சுவரை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, பல உயிரணுக்கள் ஒன்றுசேர்ந்து பெரிய உருவில் தெரிவதால் இந்தப் பெயர். பயப்பட வேண்டாம், இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

இது அரிய நோய். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகமாகவும் ஆசியர்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. “நமக்கெல்லாம் வராத நோய்” என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில், சண்டிகரிலுள்ள முதுகலை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளின் விவரங்களையும், நாட்டின் பிற இடங்களிலிருந்து அதுவரை வெளியான விவரங்களையும் சேர்த்து 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரிதாக வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளிக்கும் இது நினைவுக்கு வருவதில்லை, சில நேரங்களில் மருத்துவருக்கும் வருவதில்லை. சிகிச்சை தள்ளிப்போனால் பார்வை போய்விடலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

தமனியில் என்ன நடக்கிறது?

காதுக்குச் சற்று முன்னால், நெற்றிப்பொட்டில் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். ஒரு துடிப்பு தெரியும். அதுதான் நெற்றிப்பொட்டுத் தமனி. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறிய ரத்தக்குழாய். அதன் சுவர் அதைவிட மெல்லியது, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

நோயை எதிர்க்க வேண்டிய நம் உடலின் தற்காப்பு அணுக்கள், ஏதோ ஒரு காரணத்தால் இந்தச் சுவருக்குள்ளேயே புகுந்து தங்கிவிடுகின்றன. சுவர் வீங்குகிறது. மெதுவடை எண்ணெயில் பொங்கும்போது நடுத்துளை சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலச் சுவர் தடிக்கத் தடிக்க, ரத்தம் போகும் வழி குறுகுகிறது. நெற்றிப்பொட்டிலும் பின்தலையிலும் இது நடந்தால் வலி. தாடைத் தசைக்குப் போகும் கிளையில் நடந்தால், மெல்லும்போது வலி. கண்ணின் பார்வை நரம்புக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மிகச்சிறு கிளைகளில் நடந்தால், அந்த நரம்பு ரத்தமில்லாமல் கருகிவிடும்.

நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு பேரில் ஒருவருக்குப் பார்வை இழப்பு ஏற்படுவதாக மேலைநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு கண் போனபின்பும் சிகிச்சை தொடங்காவிட்டால், சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மறுகண்ணும் போகலாம்.

அறிகுறிகள் எப்படித் தொடங்கும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோ பாயோவில் வசிக்கும் 74 வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரங்களாகக் காலையில் எழும்போது தோள்கள் இரண்டும் கட்டிப்போட்டதுபோல் இருக்கின்றன. கைகளை உயர்த்திக் கொண்டை போட முடியவில்லை. சீப்பை வைத்தால் தலை எரிகிறது, தலையணையில் ஒருபக்கம் சாய முடியவில்லை. இடது நெற்றிப்பொட்டில் ஓயாத வலி. வெள்ளிக்கிழமை வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய்வந்து, மகள் வாங்கிவந்த பரோட்டாவைச் சாப்பிட உட்காருகிறார். நாலு வாய் மென்றதும் தாடை வலிக்கிறது, நிறுத்தினால் விடுகிறது, மறுபடி மென்றால் மறுபடி வருகிறது. “பல்லுதான் காரணம், பல் மருத்துவரைப் பார்க்கலாம்” என்கிறார் மகள். “வயசாச்சுல்ல, எல்லாம் இருக்கும்” என்கிறார் பாட்டி.

தோள் இறுக்கம், சீப்புப் பட்டால் எரிச்சல், மெல்லும்போது தாடை வலி, புதுத் தலைவலி ஆகிய நான்கையும் தனித்தனியாகச் சொன்னால் நான்கு சாதாரணத் தொல்லைகள். எலும்பு மருத்துவர், பல் மருத்துவர் என்று ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவைப்பார்கள். நான்கையும் ஒரே மூச்சில் ஒரே மருத்துவரிடம் சொன்னால், அவருக்கு வேறொரு படம் தெரியும். ஆகவே மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் எல்லாத் தொல்லைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

இவற்றில் தாடை வலிக்குத் தனி மதிப்பு உண்டு. பல்வலி, குளிர்ந்ததோ சூடானதோ பட்டதும் சுருக்கென்று வரும். தாடை மூட்டு வலி, வாயை அகலத் திறந்தாலே வரும். தமனி அழற்சியில் வரும் வலி, மெல்லத் தொடங்கிச் சற்று நேரமானபின் தசை களைத்துப்போவதுபோல் வரும். வெற்றிலை போடும் பழக்கமுள்ளவர்கள், ஆட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் இதைச் சீக்கிரம் உணர்வார்கள். கஞ்சியும் ரொட்டியும் மட்டும் சாப்பிடுபவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

காரணமில்லாத லேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், அசதி ஆகியவையும் கூடவே இருக்கலாம். சிலருக்கு நெற்றிப்பொட்டுத் தமனி கயிறுபோலத் தடித்துத் தோலுக்கு மேலேயே தெரியும்.

பார்வையில் மாற்றம் என்றால் ஒருநாள்கூடக் காத்திருக்கக்கூடாது. ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் மங்கிச் சில நிமிடங்களில் தெளிந்துவிட்டாலும் சரி, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும் சரி, பலதுறை மருந்தகத்தின் அடுத்த முன்பதிவுக்காகக் காத்திராமல் நேரே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தோ பாயோவில் இருப்பவர்களுக்கு டான் டோக் செங் மருத்துவமனை அருகில்தான், ரயிலில் ஒரே நிறுத்தம். தனியாகப் போக வேண்டாம். முகம் கோணினாலோ, கை கால் செயலிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 995ஐ அழையுங்கள்.

தொப்பி போட முடியாத முதியவர்

இந்த நோயின் வரலாறு ஒரு தொப்பியிலிருந்து தொடங்குகிறது. 1890ல் லண்டன் மருத்துவர் ஜோனத்தன் ஹட்சின்சன், முதியவர் ஒருவரைப் பற்றி எழுதினார். தலையில் சிவந்த கோடுகள்போல் ரத்தக்குழாய்கள் புடைத்து வலித்ததால் அந்த முதியவரால் தொப்பி அணிய முடியவில்லை. 1932ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பேயார்ட் ஹார்ட்டனும் அவருடைய சகாக்களும், அந்தத் தமனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து நோயை விவரித்தார்கள். ஸ்டீராய்டு மருந்துகள் 1950களில் பயன்பாட்டுக்கு வரும்வரை, நோயைக் கண்டுபிடித்தாலும் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

அன்றுமுதல் பல ஆண்டுகளுக்கு அந்தத் திசுச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும் சோதனையாக இருந்தது. இன்றும் செய்யப்படுகிறது. நெற்றிப்பொட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரிரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தமனியை எடுப்பார்கள். பெரிய அறுவை சிகிச்சை அல்ல. ஆனால் அதற்கொரு குறை உண்டு. அழற்சி தமனி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. இங்கே கொஞ்சம், நடுவில் நன்றாக, அப்புறம் மறுபடி கொஞ்சம் என்று விட்டுவிட்டு இருக்கும். வெட்டியெடுத்த துண்டு நல்ல பகுதியிலிருந்து வந்திருந்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும்.

ரத்தப் பரிசோதனையும் உதவும். உடலில் அழற்சி இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகமும் ‘சி-ரியாக்டிவ் புரதம்’ என்ற பொருளின் அளவும் கூடும். ஆனால் நிமோனியா வந்தாலும் இவை கூடும். அழற்சி இருக்கிறது என்று ரத்தம் சொல்லும், எங்கே என்று சொல்லாது. எங்கே என்பதைக் காட்டத்தான் படமெடுக்கும் கருவிகள் வருகின்றன.

எம்ஆர்ஐ எதைப் பார்க்கிறது?

ரத்தக்குழாய்ப் படம் என்றால், உள்ளே ரத்தம் ஓடும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் பலரும் நினைப்பார்கள். இதயத்துக்குச் செய்யும் சோதனைகளில் அப்படித்தான். தமனி அழற்சிக்கான எம்ஆர்ஐ வேறு மாதிரி. அது வழியைவிட முக்கியமாகச் சுவரைப் பார்க்கிறது.

எம்ஆர்ஐயில் எக்ஸ்-ரே கதிர்கள் கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும்தான். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் மிகச்சிறிய காந்தங்கள்போல் நடந்துகொள்ளும். கருவியின் காந்தம் அவற்றைத் தன் திசைக்கு இழுத்து வைக்கிறது. ரேடியோ அலை அவற்றைச் சற்றுத் தட்டிவிடுகிறது. அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் மெல்லிய சமிக்ஞையைக் கணினி படமாக்குகிறது. இந்த முறைக்கு வழி வகுத்த பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003ல் நோபெல் பரிசு கிடைத்தது.

தலைத் தமனியின் சுவரைப் பார்ப்பது எளிதல்ல. அரை மில்லிமீட்டர் சுவரைக் காட்ட, அதைவிட நுணுக்கமான படம் வேண்டும். இதற்குப் பெரும்பாலும் 3 டெஸ்லா வலுவுள்ள கருவியைப் பயன்படுத்துவார்கள். அது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. அதோடு மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, ஓடும் ரத்தத்தைப் படத்தில் கருப்பாக்கிவிடுவார்கள். ரத்தம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், அதன் சமிக்ஞை வராதபடி செய்ய முடியும். இரண்டாவது, தலைத்தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு. அது இயல்பாகவே படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும், பக்கத்திலிருக்கும் தமனியை மறைத்துவிடும். ஆகவே அதையும் மங்கச் செய்வார்கள். மூன்றாவது, கையிலுள்ள நரம்பில் கடோலினியம் என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அழற்சியுள்ள சுவர் பொத்தலான கூரை மாதிரி. அதற்குள் மருந்து கசிந்து தங்கும், தங்கிய இடம் ஒளிரும்.

கடைசியில் கிடைப்பது கருப்புப் பின்னணியில் ஒரு படம். நலமான தமனி அதில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வளையமாக இருக்கும். அழற்சியுள்ள தமனி, நடுவில் கருந்துளையும் சுற்றிலும் தடித்த வெள்ளை வளையமுமாக மோதிரம்போல் தெரியும். நெற்றிப்பொட்டுகள் இரண்டையும், பின்தலைத் தமனிகளையும் ஒரே பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஓரிரு சென்டிமீட்டர் துண்டை வெட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

“ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சே!”

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தலைவலிக்காக முன்பு எங்கோ மூளை எம்ஆர்ஐ எடுத்திருப்பார்கள், எல்லாம் இயல்பு என்று அறிக்கை வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு தமனி அழற்சி இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

வழக்கமான மூளை எம்ஆர்ஐ, மண்டையோட்டுக்கு உள்ளே பக்கவாதம், கட்டி, ரத்தக்கசிவு ஏதும் உள்ளதா என்று பார்ப்பதற்கானது. நெற்றிப்பொட்டுத் தமனியோ மண்டையோட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியில் ஓடுகிறது. வழக்கமான படத்தின் ஓரத்தில் அது ஒரு புள்ளியாக வந்துபோகும், சுவரின் தடிமனைச் சொல்ல அந்த நுணுக்கம் போதாது. ஆகவே மருத்துவர் மறுபடியும் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், “ஒரே பரிசோதனையை எதற்கு இரண்டு தடவை?” என்று நினைக்க வேண்டாம். கருவி ஒன்றாக இருக்கலாம், பார்க்கும் இடமும் பார்க்கும் முறையும் வேறு. பழைய அறிக்கை இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதுவும் பயன்படும்.

முடிவை எவ்வளவு நம்பலாம்?

கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2017ல் வெளியானது. தமனி அழற்சி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 171 பேருக்கு முதலில் எம்ஆர்ஐ எடுத்து, பிறகு திசுச் சோதனையும் செய்தார்கள். எம்ஆர்ஐ இயல்பாக இருந்தவர்கள் 111 பேர். அவர்களில் 2 பேருக்கு மட்டுமே திசுச் சோதனையில் நோய் தெரிந்தது. எம்ஆர்ஐயில் மாற்றம் தெரிந்தவர்கள் 60 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே திசுச் சோதனை நோயை உறுதிப்படுத்தியது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. சரியான முறையில், சரியான நேரத்தில் எடுத்த எம்ஆர்ஐ ‘இல்லை’ என்றால் பெருமளவு நிம்மதி அடையலாம், பலருக்குத் திசுச் சோதனையே தேவைப்படாமல் போகலாம். ஆனால் எம்ஆர்ஐ ‘இருக்கிறது’ என்றால், அது மட்டுமே தீர்ப்பு அல்ல. திசுச் சோதனையே சிலரிடம் நோயைத் தவறவிடும் என்று மேலே பார்த்தோம், ஆகவே மீதிப் பேர் எல்லாருக்கும் நோய் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அறிகுறிகள், ரத்தப் பரிசோதனை, படம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

எம்ஆர்ஐதான் எல்லாருக்கும் முதல் சோதனை என்றும் இல்லை. வாத நோய்க்கான ஐரோப்பிய மருத்துவ அமைப்பு 2018ல் வெளியிட்ட பரிந்துரைகள், அனுபவமுள்ளவர் செய்தால் அல்ட்ராசவுண்டை முதலில் செய்யச் சொல்கின்றன. ஊசி வேண்டாம், காந்தம் வேண்டாம், படுக்கைக்குப் பக்கத்திலேயே செய்யலாம். அழற்சியுள்ள தமனியைச் சுற்றி அதில் கருவளையம் தெரியும். அல்ட்ராசவுண்டு செய்ய இயலாதபோதும், அதன் முடிவில் தெளிவில்லாதபோதும் எம்ஆர்ஐ கைகொடுக்கிறது. உங்கள் மருத்துவமனையில் எது நன்றாகச் செய்யப்படுகிறதோ அதை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

மாத்திரை முதலில், படம் பிறகு

நோய் இருப்பதாக வலுவான சந்தேகம் இருந்தால், மருத்துவர் அன்றே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கச் சொல்லலாம். பொதுவாகப் பிரெட்னிசோலோன், நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை. பார்வை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாகச் செலுத்துவார்கள்.

“நோய் உறுதியாகட்டும், அப்புறம் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்” என்று சிலர் சொல்வது உண்டு. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே பயம். பயம் நியாயமானதுதான், ஆனால் இந்த ஒரு நோயில் காத்திருப்பது மாத்திரையைவிட ஆபத்து. பக்கவிளைவுகளைச் சமாளிக்க வழிகள் உண்டு, கருகிய பார்வை நரம்பை மீட்க வழியில்லை.

அதே நேரத்தில், மாத்திரை தொடங்கியபின் நாளாக ஆகச் சுவரின் அழற்சி அடங்கிவிடும், படத்திலும் வெள்ளை வளையம் மங்கிவிடும். ஆகவே மாத்திரை தொடங்கிய சில நாட்களுக்குள், பிந்தினால் ஒரு வாரத்துக்குள், படம் எடுத்துவிடப் பார்ப்பார்கள். மருத்துவமனை தரும் தேதி அவசரமாக இருந்தால் அதற்குக் காரணம் இதுதான். பேத்தியின் பள்ளி நிகழ்ச்சி, ஊர்ப் பயணம் என்று தேதியை அடுத்த மாதத்துக்கு மாற்றிக் கேட்காதீர்கள். அப்போது எடுக்கும் படம் உண்மையைச் சொல்லாமல் போகலாம்.

பரிசோதனைக்குப் போகுமுன்

பலதுறை மருந்தகங்களில் எம்ஆர்ஐ எடுப்பதில்லை. அங்கிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். பரிசோதனை ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும், பரிசோதனை நடக்காத நேரத்திலும் அணைக்கப்படுவதில்லை. ஆகவே அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது. மருத்துவமனை தரும் பட்டியலில் கைக்கடிகாரம், சாவி, கடன் அட்டை, காதுகேட்கும் கருவி, கழற்றும் பல்செட் எல்லாம் இருக்கும். நம்மவர்களிடம் இருப்பவை சில அதில் இல்லாமல் போகலாம். தாலிக்கொடியிலும் சேலையிலும் செருகியிருக்கும் ஊக்கு, மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் கொடி, தாயத்து, கூந்தலில் மறைந்திருக்கும் கொண்டை ஊசி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனாலும் உலோகம் ரேடியோ அலையில் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அதிலும் மூக்குத்தியும் தோடும் படமெடுக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. திருகு இறுகிப் பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தி என்றால், முதல்நாளே பொற்கொல்லரிடமோ நகைக்கடையிலோ கழற்றிக்கொள்ளுங்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள், ஒரு மஞ்சள் துண்டைக் கோத்த மஞ்சள் கயிற்றை அன்றைக்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம். அதில் உலோகம் இல்லை. ஊழியர்களிடம் காட்டிவிட்டு உள்ளே செல்லுங்கள். கண்மையும் முகப்பூச்சும் அன்று வேண்டாம், சிலவற்றில் உலோகத் துகள் இருக்கும்.

உடலுக்குள் இருக்கும் உலோகத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயமுடுக்கி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி போன்றவை இருந்தால் எம்ஆர்ஐ ஆகாமல் போகலாம் அல்லது தனி ஏற்பாடு வேண்டியிருக்கும். பொருத்திய முழங்கால் மூட்டும், இதயத்தில் வைத்த ஸ்டென்டும் பெரும்பாலும் தடையில்லை, ஆனால் சொல்லிவிடுங்கள். பொருத்தியபோது மருத்துவமனை கொடுத்த அட்டையை எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்றும் உண்டு, தாத்தாக்கள் கவனிக்க வேண்டியது. செம்பவாங், ஜூரோங் கப்பல் பட்டறைகளிலோ வேறு பட்டறைகளிலோ வெல்டிங், இரும்பு அரைக்கும் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால், அதை எடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாலும், மறக்காமல் தெரிவியுங்கள். மிச்சமிருக்கும் துகள் காந்தத்தில் அசைந்து கண்ணைக் காயப்படுத்தலாம். முதலில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் கடோலினியம் செலுத்துமுன் அதைச் சொல்ல வேண்டும். நீரிழிவு நீண்டகாலமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பார்கள்.

உள்ளே குழாய்போன்ற இடத்தில் மல்லாந்து படுக்க வேண்டும். தடதடவென்று பெரிய சத்தம் கேட்கும், காதடைப்பான் தருவார்கள். தலையை அசைக்கக்கூடாது. அரை மில்லிமீட்டர் சுவரைப் பார்க்கும் பரிசோதனை அல்லவா, இருமினாலே படம் கலங்கிவிடும். இருமல், முதுகுவலி, அடைபட்ட இடத்தில் பயம் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். போகுமுன் கழிவறைக்குப் போய்வாருங்கள். கையில் ஒரு பொத்தான் தருவார்கள், முடியாவிட்டால் அழுத்தலாம். தமிழில்தான் விளக்கம் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள், அல்லது பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

செலவு

பலதுறை மருந்தகத்திலிருந்தோ, சாஸ் திட்டத்தில் சேர்ந்துள்ள பொது மருத்துவரிடமிருந்தோ பரிந்துரைக் கடிதத்துடன் பொது மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெறலாம். மெடிசேவ் சேமிப்பையும் ஆண்டு வரம்புக்கு உட்பட்டு இத்தகைய படங்களுக்குப் பயன்படுத்தலாம். முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை உள்ளவர்களுக்குக் கூடுதல் மானியம் உண்டு. அதற்கு மேலும் சிரமமாக இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காசைக் கணக்குப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மாத்திரை தொடங்கியபின்

தலைவலியும் தோள் இறுக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாட்களிலேயே குறைந்துவிடும். அதைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. சுவரின் அழற்சி முழுமையாக அடங்கப் பல மாதங்கள் ஆகும். மருத்துவர் அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார், சிகிச்சை பொதுவாக ஓராண்டிலிருந்து இரண்டாண்டுகள்வரை நீளும். நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்த உடல், தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். ஊருக்குப் போவதாக இருந்தால் போதுமான மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கூடும், குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. எப்போதெல்லாம் பார்க்க வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரலாம். மாத்திரையைக் காலை உணவுக்குப்பின் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கும் நல்லது, இரவுத் தூக்கமும் கெடாது. எலும்பு தேயாமலிருக்கக் கால்சியமும் வைட்டமின் டியும் தருவார்கள். நாட்டு மருந்து, சீன மருந்து எதையாவது சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அளவைக் குறைத்துக்கொண்டு வரும்போது பழைய தலைவலியோ, தாடை வலியோ, தோள் இறுக்கமோ திரும்பி வந்தால், அடுத்த சந்திப்புத் தேதிவரை பொறுத்திருக்காமல் உங்களைப் பார்க்கும் சிறப்பு மருந்தகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். பார்வை மங்கினால் தொலைபேசிகூட வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “எனக்குத் தலைத் தமனி அழற்சி இருக்கிறது, ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் இன்றைய அளவையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள்.